வேர்க்காத லட்சுமி

சிவலட்சுமிக்கு வேர்க்கிறதில்லை என்பது அந்த மிதிவெடி அகற்றும் குழுவுக்கே ஒரு பெருமையாய் இருந்தது.

வேர்க்காததில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். கேட்கிறவர் ஒருக்கால் சித்திரை வெயிலுக்கு மன்னாரில் அரிப்புக் கிராமத்துப் பக்கம் வந்து பார்க்கட்டும். கழுத்திலிருந்து தொடை வரைக்கும் பாரமான கவச அங்கியைக் கட்டி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்காலை ஊன்றி மண்ணைக் கிளறட்டும். பத்து நிமிசத்தில் கண்ணுக்குள் உப்புத்தண்ணி இறங்கும், கண்ணாடி ஆவி படிந்து புகார் பிடிக்கும். அதைத் துடைக்கிறதற்கும் இடைவேளை விசில் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலையில் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, விடியக் காலமை தொடங்கி மத்தியானம் வரை கிளறிவிட்டு வந்து முகக்கண்ணாடியைத் தூக்கினால், முகம் அப்போதுதான் பவுடர் போட்டதுபோலக் காய்ந்து கிடக்கும்.

"பயந்தாத்தானே வேர்க்கும். எங்கட அக்காவுக்குப் பயமெண்டா என்னெண்டே தெரியாது" என்பாள் பக்கத்தில் வேலை செய்கிற றோசம்மா. அவளுக்கு வேர்க்கிற வேர்வையில் ஒரு வாளி நிறைக்கலாம். "வேர்க்காத லட்சுமி" என்று பட்டம் வைத்ததும் அவள்தான்.

சண்டை முடிந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. பாலையடிச் சனத்தை நானாட்டான் பக்கத்து முகாமிலிருந்து கொண்டுவந்து, றோட்டோரமாய்த் தகரக் கொட்டில்களில் குடியேற்றி விட்டிருந்தார்கள். றோட்டுக்கு அங்கால் கால் வைக்க ஏலாது. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை வரிசையாய் நின்றது. அதற்குப் பின்னால் ஊர்க் கிணறு, குளக்கட்டு, வயல் எல்லாம் பற்றை மூடிக் கிடந்தன. சிவலட்சுமியின் புருசன் நவரத்தினத்தின் நாலு ஏக்கரும் அதற்குள்தான். மனுசன் காலமை எழும்பி முகம் கழுவ முன்னம் றோட்டில் போய் நின்று அந்த வயலைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து ஒன்றும் பேசமாட்டார். அந்தப் பேசாமையைத் தாங்க ஏலாமல்தான் அவள் இந்த வேலைக்கே போனாள்.

"எங்கட வயலை ஆரோ வந்து துப்பரவாக்கித் தரட்டும் எண்டு நான் குந்திக்கொண்டிருக்க மாட்டன்" என்றாள். நவரத்தினம் இரண்டு நாள் சாப்பிடாமல் கோபித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரே வேலை லொறி வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஆளுக்கு ஒரு மீற்றர் அகலம். இரண்டு பக்கமும் கயிறு. அந்த ஒடுங்கலான துண்டுக்கு லேன் என்று பெயர். இரும்பைக் கண்டால் கத்துகிற டிடெக்டரை மண்ணுக்கு மேலால் கொண்டுபோவாள். அது கத்தினால் நின்று, பக்கவாட்டால் மெல்ல மெல்லக் கிளறிப் பார்ப்பாள். ஆணியாயிருக்கும், வெற்றுத் தோட்டாக் கோதாயிருக்கும், சிலவேளை அதுவாயும் இருக்கும். பார்த்து முடிந்த இடத்தில் வெள்ளை அடித்த முளைக்கட்டையை நட்டு முன்னேறுவாள். வெள்ளை முளை நட்டால் அந்த மண்ணில் ஒரு பிள்ளை ஓடி விளையாடலாம் என்று அர்த்தம். அவள் வார்த்தைக்கு மேல் வேறு வார்த்தை இல்லை.

மற்றவர்கள் ஒரு நாளில் பத்து மீற்றர் போனால் சிவலட்சுமி ஆறு மீற்றர் போவாள். முதல் வருசம் அவளும் பத்துப் போனவள்தான். அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் அமிர்தநாயகத்துக்கு ஐம்பது வயது, நல்ல மனுசன். அவர் பார்வையில் இந்த வேலையில் மெதுவாய்ப் போகிறவள்தான் கெட்டிக்காரி. "அவசரப்படுறவையள் கொஞ்சம் லட்சுமியைப் பாருங்கோ" என்று எல்லாரையும் ஏசுவார். சித்திரை வருசப் பிறப்புக்கு எல்லாரையும் மரத்தடியில் இருத்தி, மிகக் கவனமான வேலையாள் என்று சொல்லி அவளுக்கு ஒரு சுவர் மணிக்கூடு பரிசாய்க் கொடுத்தார்.

உடம்பும் வைத்திருந்தது. முகம் உப்பி, கண்ணைச் சுற்றி ஊதி, கை விரல் மோதிரத்துக்குள் நுழையாமல் போனது. முகாமில் மூன்று வருசம் எலும்பும் தோலுமாய் அலைந்தவள் இப்படி ஊதினால் சனம் என்ன சொல்லும்? "இப்பதான் மூஞ்சியில ஒரு தெளிவு. வேலை பிடிச்சிட்டுது" என்றார்கள். கவசத்தின் பட்டியை இரண்டு துளை தளர்த்திக் கட்டியபோது அவளுக்கே கொஞ்சம் சந்தோசமாய்த்தான் இருந்தது.

ஐயோ, இதை நினைத்தால் ஆத்திரம் வருகுது. ஊதின முகத்தைத் தெளிவு என்றார்கள், மந்தத்தைக் கவனம் என்றார்கள், வேர்க்காததை வீரம் என்றார்கள். ஒரு மனுசிக்கு வந்த நோய் வருத்தத்தை இப்படி ஊர் கூடிக் கைதட்டி வளர்த்த கதையை நீங்கள் வேறெங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ஆரைக் குறை சொல்வது? ஒருவரும் கெட்ட மனதோடு சொல்லவில்லை.

வீட்டுக்குள் நடந்தது ஊருக்குத் தெரியாது. வைகாசி மாதத்தில், தகரம் காய்ந்து ஆளை அவிக்கிற நேரத்தில், அவள் குளிருது என்று சுவெற்றர் போட்டுக்கொண்டு இருந்தாள். நவரத்தினம் மலேரியா என்று பயந்தார். மன்னாரில் குளிர் என்றால் வேறு எதை நினைப்பது? மலேரியாக்காரர் மூன்று தரம் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்து மூன்று தரமும் ஒன்றுமில்லை என்றார்கள். தலை சீவினால் சீப்பு நிறைய மயிர் வந்தது, அது தலைக்கவசத்தின் வேலை என்று நினைத்தாள். வயிற்றால் ஒழுங்காய்ப் போகாது. தோல் வரண்டு சொறிந்த இடம் வெள்ளைக் கோடு போட்டது. மாதத்தில் பத்து நாள் தீட்டு நின்றபாடில்லை. குரல் தடித்து ஆம்பிளைக் குரலாய்ப் போய், மகள் நிவேதிகா, பதினொரு வயது வாயாடி, "அம்மா, அப்பா கூப்பிடுறார் எண்டு நினைச்சிட்டன்" என்று சிரித்தாள்.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதாய்ப் படவில்லை. மறதிதான் அவளை அரித்தது. கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று அடுப்படியில் அகப்பையோடு நிற்பாள். ஒருநாள் உப்புக் கரிக்கும், ஒருநாள் உப்பே இராது. நவரத்தினம் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புவார். வேலை செய்கிற இடத்தில் அப்படி வராது, அங்கே தான் வேறு ஆள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குழுவோடு ஒரு மருத்துவ உதவியாளர் எப்போதும் நிற்பாள். மன்னார் பள்ளிமுனை ஊர்ப் பெட்டை, பெயர் டிலானி, இருபத்துநாலு வயது. அம்புலன்ஸ் வானுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்கக் கூடாதென்று மாதாவை மன்றாடிக்கொண்டு இருக்கிறதுதான் அவளுடைய வேலை. திங்கட்கிழமைகளில் எல்லாருக்கும் நாடி பிடித்துக் கொப்பியில் எழுதுவாள். சிவலட்சுமியின் வரிசையில் தை மாதம் எழுபது என்று கிடந்தது. பங்குனியில் அறுபத்திரண்டு. வைகாசியில் ஐம்பத்திரண்டு. டிலானி தன் மணிக்கூடு பழுது என்று நினைத்து வேறொரு மணிக்கூடு வாங்கி வந்து திரும்பவும் பிடித்தாள். அதிலும் ஐம்பத்திரண்டுதான்.

அன்றைக்கு இடைவேளையில் அவள் சிவலட்சுமியைத் தனியே கூப்பிட்டாள். கையில் சிவலட்சுமியின் தண்ணிப் போத்தல் இருந்தது.

"அக்கா, எல்லாரும் மூண்டு போத்தல் குடிச்சிட்டு இன்னும் கேக்கினம். உங்கட போத்தல் காலமை நான் நிரப்பித் தந்தபடியே கிடக்கு. உங்களுக்கு வேர்க்காதது நல்லதில்லை அக்கா."

"எனக்கென்ன குறை? கல்லு மாதிரி இருக்கிறன்."

"கல்லு மாதிரித்தான் இருக்கிறியள். அதுதான் எனக்குப் பயமாய்க் கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்."

சிவலட்சுமிக்குக் கோபம் உச்சியில் ஏறியது. "பிள்ளை, என்னை வீட்டில இருத்தவோ பாக்கிறாய்? இன்னும் அறுபது மீற்றர்தான் கிடக்கு எங்கட வயலுக்கு. ஐப்பசியில காலபோக மழைக்கு முதல் எங்கட மனுசன் விதைக்கவேணும். அதுக்குப் பிறகு எங்க வேணுமெண்டாலும் வாறன்" என்று சொல்லிவிட்டு முகக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு போய்விட்டாள். தடித்த குரலில் மெல்ல மெல்லச் சொன்னதால் அந்தக் கோபம்கூட ஒரு நிதானமாய்த்தான் மற்றவர்களுக்குக் கேட்டது.

ஒவ்வொரு காலமையும் வேலைக்கு இறங்க முன்னம் அமிர்தநாயகம் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஒரே கேள்வி கேட்பார். "சுகமில்லாத ஆக்கள், நித்திரை கொள்ளாத ஆக்கள், மனம் சரியில்லாத ஆக்கள் கையை உயர்த்துங்கோ." உயர்த்தினால் அன்றைக்கு உள்ளே போகத் தேவையில்லை. ஒருவரும் ஏனென்று கேட்கவும் மாட்டார்கள். றோசம்மா புருசனோடு சண்டை பிடித்த நாளெல்லாம் கையை உயர்த்துவாள். சிவலட்சுமி ஒரு நாளும் உயர்த்தியதில்லை.

ஆனி மாதம். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று மண்ணை வாரி முகக்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. இடைவேளை முடிந்து விசில் கேட்டு அவள் தன் லேனுக்குத் திரும்பினாள். குனிந்து முழங்காலை ஊன்றினாள். வெள்ளை முளை அவளுக்கு முன்னால், அவள் நினைத்ததைவிட ஒரு முழம் தள்ளி நின்றது.

அவளேதான் நட்டிருக்க வேண்டும். வேறொருவரும் அந்த லேனுக்குள் வர ஏலாது. ஆனால் அந்த ஒரு முழத்தைப் பார்த்த ஞாபகம் அவளுக்கு இல்லை. டிடெக்டர் அங்கே கத்தியதா, கத்தவில்லையா? கை மண்ணைத் தொட்டதா? மண்டைக்குள் தேடிப் பார்த்தாள். புகார் பிடித்த கண்ணாடிக்கு அங்கால் பார்க்கிறது போல ஒன்றும் தெரியவில்லை.

திரும்ப ஒருக்கால் அந்த முழத்தைப் பார்த்துவிட்டால் சரி. ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. டிடெக்டரை எடுத்தாள். எடுத்த கை நின்றுவிட்டது. இந்த முழத்தை மறந்தது தெரியும். மறந்ததே தெரியாமல் மறந்தது எத்தனை? நேற்று? முந்தநாள்? உப்பில்லாத கறியை நவரத்தினம் வாயில் வைத்த பிறகுதானே அவளுக்குத் தெரியவரும். பின்னுக்குத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளை முளைகள் றோட்டு வரைக்கும் வரிசையாய் நின்றன. அந்த வழியால்தான் நிவேதிகா ஓடுவாள். வயலென்றால் தகப்பனுக்கு முன்னம் ஓடுகிற பிள்ளை அது.

அவள் வாழ்க்கையில் இப்படிப் பயந்ததில்லை, ஷெல் அடியிலும் இப்படிப் பயந்ததில்லை. அழுகை வந்தது, அதுகூட மெதுவாய்த்தான் வந்தது. டிடெக்டரைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் இருந்தபடியே வலது கையை நேரே மேலே உயர்த்தினாள்.

உள்ளே வேலை நடக்கும்போது ஒருவர் கை உயர்த்தினால் எல்லாரும் நிற்க வேண்டும். நீட்டாய் விசில் அடித்தது. அத்தனை பெண்களும் இருந்த இடத்தில் உறைந்தார்கள். அமிர்தநாயகம் பார்த்து முடிந்த பாதையால் மெல்ல நடந்து வந்தார். "என்ன தங்கச்சி, ஏதும் கிடக்கோ?"

"இல்லை அண்ணை. நான்தான். என்னை நம்பாதேங்கோ."

அவருக்கு விளங்கவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். "நான் நட்ட முளை ஒண்டையும் நம்பாதேங்கோ. எனக்கு ஞாபகமில்லை. எல்லாத்தையும் திரும்பப் பாக்கச் சொல்லுங்கோ."

மிகக் கவனமான வேலையாள் என்று பரிசு கொடுத்த மனுசனுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்? தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கே அவளுடைய லேன்களில் திரும்பவும் சிவப்புக் கயிறு விழுந்தது.

அடுத்த நாள் டிலானி அவளை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் படுத்துக் கிடந்த கழுதையைச் சுற்றிப் போய், நம்பர் எடுத்து, இரண்டு மணித்தியாலம் மர வாங்கிலில் காத்திருந்தார்கள். டொக்டர் சின்ன வயதுப் பொம்பிளை. டிலானியின் கொப்பியைப் பார்த்தார். கண்ணிமையைப் பார்த்தார். "புருவத்தின்ர கரைப் பக்கம் எப்ப கொட்டினது அம்மா?" என்று கேட்டார். சிவலட்சுமி கை வைத்துப் பார்த்தாள். இரண்டு புருவத்திலும் கடைசிப் பங்கு இல்லை. முகக்கண்ணாடிக்குள்ளால் உலகத்தைப் பார்த்தவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை. டொக்டர் கழுத்தில் விரல் வைத்து எச்சிலை விழுங்கச் சொன்னார். கதிரையில் முழங்காலில் நிற்கச் சொல்லிக் குதிக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார். பாதம் உதைத்துவிட்டுத் திரும்பி வர நேரம் எடுத்தது.

"கழுத்துக்குள்ள தைரொயிட் எண்டு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எந்த வேகத்தில ஓடவேணும் எண்டு சொல்லுறது அதுதான். உங்களுக்கு அது சோர்ந்து போச்சு எண்டு நினைக்கிறன். இரத்தம் பாத்தாத்தான் உறுதி. குளிர், மலச்சிக்கல், உடம்பு ஊதினது, மறதி எல்லாம் ஒரே இடத்திலயிருந்து வாறதாய் இருக்கலாம்."

சிவலட்சுமி கேட்டாள். "அப்ப, நான் கவனமான ஆள் இல்லையோ டொக்டர்?"

டொக்டருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற டிலானிக்கு விளங்கியது. "கவனமில்லாட்டி நேற்றுக் கையை உயர்த்தியிருப்பியளோ அக்கா" என்று சொல்லித் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இரத்தம் வெளியூருக்குப் போய் முடிவு வரப் பத்து நாள் எடுத்தது. டொக்டர் சொன்னது சரி. அந்தப் பத்து நாளுக்குள் வேறொரு முடிவும் வந்தது, அவளுடைய லேன்களைத் திரும்பப் பார்த்த முடிவு. ஒரு பின்னேரம் றோசம்மா வீட்டுக்கு வந்து வாசலில் நின்றாள். பகிடி இல்லை, சிரிப்பு இல்லை.

"இருந்ததோடி?" என்று சிவலட்சுமி கேட்டாள்.

"ஓம் அக்கா. ஒண்டு."

"அந்த ஒரு முழத்திலயோ?"

"இல்லை. அதில ஒண்டுமில்லை. அதுக்கு மூண்டு நாளைக்கு முதல் நீங்கள் முடிச்ச இடம். பாலை மரத்துக்கு நேர."

அந்த இடம் அவளுக்கு நல்ல ஞாபகம். சந்தேகமே இல்லாமல் முளை நட்ட இடம் அது. சிவலட்சுமி நிலத்தில் குந்திவிட்டாள். றோசம்மாவும் பக்கத்தில் குந்தினாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நவரத்தினம் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, மூன்று பேருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொண்டு வந்தார். அதில் சீனி இல்லை. மூன்று பேரும் குடித்து முடித்தார்கள்.

காலமை வெறும் வயிற்றில் சின்ன வெள்ளைக் குளிசை ஒன்று. விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணியும் இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாய் இருந்தது. பரிசாய்க் கிடைத்த சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். முதல் இரண்டு கிழமை ஒரு வித்தியாசமும் இல்லை. "ஒரே நாளில ஓடாது, விடாமல் போடுங்கோ. இது ஆயுசுக்கும் போடுற மருந்து" என்று டிலானி சொல்லி வைத்திருந்தாள். ஆறு கிழமையில் திரும்ப இரத்தம் பார்த்து அளவைக் கூட்டினார்கள்.

முதலில் சுவெற்றர் கழன்றது. பிறகு வயிறு சரிவந்தது. பிறகு ஒருநாள் கறிக்கு உப்புப் போட்டுவிட்டு, போட்டேன் என்று தெரிந்து, அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். ஆவணி முடிகிற நேரம், முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தவள் திடீரென்று கோடரியைப் போட்டுவிட்டுச் சத்தம் போட்டாள். "இஞ்சாருங்கோ! இஞ்ச ஓடி வாங்கோ!" நவரத்தினம் பாம்பென்று நினைத்துத் தடியோடு ஓடி வந்தார். அவள் நெற்றியைத் தொட்டு விரலை அவருக்கு முன்னால் நீட்டினாள். விரல் நனைந்திருந்தது. மனுசன் தடியைப் பிடித்தபடி அந்த விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

டொக்டரின் கடிதத்தோடு வேலையிடத்துக்குப் போனாள். அமிர்தநாயகம் அவளைப் புதிதாய் வந்த பெட்டைகளோடு இருத்தி முதலிலிருந்து பயிற்சி எடுக்க வைத்தார், சோதனை வைத்தார். அவள் முகம் கோணவில்லை. பாலை மரத்துக்கு நேரே போகிற துண்டைத் தனக்கே தரச் சொல்லிக் கேட்டாள். இரண்டு தரம் பார்த்து முடித்த இடத்தை மூன்றாம் தரமும் அங்குலம் அங்குலமாய்ப் பார்த்தாள். வேர்வை ஒழுகி முகக்கண்ணாடி புகார் பிடித்தது. விசிலுக்குக் காத்திருந்து துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். ஒரு நாளில் எட்டு மீற்றர் போனாள்.

புரட்டாதிக் கடைசியில் காணி கையளிக்கிற நாள் வந்தது. அன்றைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. துப்பரவாக்கிய ஆட்கள் கவசத்தைக் கழற்றிவிட்டு, தலைக்கவசத்தையும் கழற்றிவிட்டு, சனம் பார்த்திருக்க அந்த மண்ணில் முதலில் நடந்து காட்ட வேண்டும். கடிதம் காட்டி ஒருவரையும் நம்பவைக்க ஏலாது. நடந்து காட்டினால்தான் சனம் காலெடுத்து வைக்கும்.

பாலையடி முழுக்க றோட்டில் நின்றது. நவரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் மண்வெட்டியோடு நின்றார். நிவேதிகாவின் கையை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். அமிர்தநாயகம் வரிசையைப் பிரித்தார். "பாலை மரப் பக்கம் ஆர் போறது?" என்று அவர் கேட்டபோது குரல் கொஞ்சம் இறங்கியது. றோசம்மா வாயைத் திறக்க முன்னம் சிவலட்சுமியின் கை உயர்ந்திருந்தது.

"நான் போறன் அண்ணை."

செருப்பைக் கழற்றி வைத்தாள். காலை மண்ணில் வைக்கப் போனவளை றோசம்மா திரும்பிப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு வேர்க்குது!"

நெற்றியில், மேலுதட்டில், கழுத்தடியில் வேர்வை துளித்துளியாய் நின்றது. வெயில் இன்னும் ஏறவில்லை.

"ஓமடி" என்றாள் சிவலட்சுமி. "எனக்குப் பயமாய்த்தான் கிடக்கு."

வேர்வையைத் துடைக்காமல் நடந்தாள். பாலை மரத்துக்கு நேரே வந்ததும் நின்று, இரண்டு காலையும் அந்த இடத்தில் ஊன்றி, திரும்பி றோட்டைப் பார்த்தாள். நவரத்தினம் மகளின் கையை விட்டார்.